விரலில் ஏறிய களிம்பு

கம்பைநல்லூரில் ஒருவருடைய கழுத்தோ விரலோ நகை பட்ட இடத்தில் நிறம் மாறிவிட்டால், காரணம் கூற முன்வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. உடம்புச் சூடு என்பது பெரியம்மாக்களின் ஏகமனதான தீர்ப்பு. நகை செய்த ஆசாரியோ, தம் கைவேலையில் தோஷம் உண்டென்று லவலேசமும் ஒப்பாமல், "சில உடம்புக்கு ஒத்துக்காதுங்க" என்று குற்றத்தை நம் சருமத்தின் மீதே ஏற்றிவிட்டு, ஊதுகுழலை மறுபடியும் வாயில் வைத்துக்கொள்வார்.

சூரியனுடைய பிரீதிக்காக என் விரலில் அணிவிக்கப்பட்ட செப்பு மோதிரம், சித்திரை வெயிலில் தன்னடியில் ஒரு பச்சை வளையத்தை வரைந்தபோது, "பச்சை புதனுக்கு உகந்த நிறம் மாப்ளே, ஒரு மோதிரத்துக்கு ரெண்டு கிரகம் வசமாயிருச்சு" என்று என் மாமா பரமானந்தம் அடைந்தார். வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும், காற்றின் ஒத்தாசையோடு செம்பைச் சிறிது சிறிதாக அரித்துப் பச்சை நிறச் சேர்மங்களாக்கித் தோலில் படியவைக்கின்றன என்னும் ரசாயன சாஸ்திரத்தை, இரண்டு கிரகங்களை ஒருங்கே வென்ற மனிதரிடம் எடுத்துரைப்பது எங்ஙனம்?

தங்கம் வியர்வைக்கு மசிவதில்லை. ஆனால் நகையாக உறுதியோடு நிற்பதற்கு அது செம்பையும் வெள்ளியையும் துணைக்கழைக்க வேண்டியிருப்பதால், 22 காரட் நகையில் 8.4 சதவீதம் அந்தத் துணைவர்களே. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த காலத்தில், 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாது என்று தங்கக் கட்டுப்பாட்டு விதி பிறந்தபோது, துணைவர்களின் பங்கு நூற்றுக்கு 41-க்கும் மேலாயிற்று. பொற்கொல்லர் பலரின் பிழைப்பைக் கெடுத்த அந்த விதி, தேசத்தின் அன்னியச் செலாவணியைக் காக்கும் பொருட்டுக் கழுத்துகள் கறைபடும் சாத்தியத்தையும் சற்றே விருத்தி செய்தது.

இதனினும் விசித்திரம், ஹால்மார்க் முத்திரை பெற்ற அசல் சங்கிலியும் கல்யாண வீட்டில் கறுப்புக் கோடு இழுப்பதுதான். அங்கே குற்றவாளி முகப்பவுடர். அதிலிருக்கும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு முதலிய துகள்கள் தங்கத்தைக் காட்டிலும் கடினமானவையாதலால், அதை உரசி உரசி அணுப்பிரமாணமான பொடியாக உதிர்த்துவிடுகின்றன. அத்தனை நுண்ணிய பொடி மஞ்சளாக மின்னாமல் கறுப்பாகவே தோன்றுகிறது. சம்பந்தியம்மாள் அதைக் கண்டு "கவரிங்தானே?" என்று காதோடு காதாகக் கேட்கிறாள், மணப்பெண்ணின் தாயாரோ, சவரன் விற்கிற விலையில் அந்தக் கறையும் பொன்தான் என்பதை அறியாமல், அதைக் கைக்குட்டையால் துடைத்துக் குப்பையில் எறிகிறாள்.

சைவ சித்தாந்திகள் ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை கூறுவர். ரச குளிகை பட்ட மாத்திரத்தில் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாவது போலக் குருவருளால் மலம் நீங்கும் என்பது அவர்கள் கொள்கை. என் விரலின் களிம்புக்குக் குளிகையும் வேண்டியிருக்கவில்லை, குருவும் வேண்டியிருக்கவில்லை. சோப்பும் தண்ணீருமே போதுமாயிருந்தன. ஆணவம் மட்டும், இந்த ரசாயனத்தை ஊராருக்கெல்லாம் விளக்கப் புறப்பட்ட நாள் முதலாக, முன்னிலும் சற்றுத் தடித்திருக்கிறது என்று மாமா அபிப்பிராயப்படுகிறார்.