ஆள் நிற்காத பனியன் கம்பெனி நடத்துவது எப்படி?

திருப்பூரில் இருபது மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு ஆர்டர் பிடிப்பதைவிட ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. அப்படிப் பிடித்த ஆளை அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு ஓட வைக்கவும் ஒரு திறமை வேண்டும். பல கம்பெனிகள் யாரும் சொல்லித் தராமலே அதில் தேறிவிட்டன. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தடுமாறக் கூடாதே என்றுதான் இந்த யோசனைகள்.

முதலில் நேரம். காலை எட்டரைக்கு ஷிப்ட் என்றால் எட்டரைதான். ஓவர்லாக் அடிக்கும் அக்கா, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதேகாலுக்கு வரட்டுமா என்று கேட்டால், “அப்புறம் எல்லாரும் கேப்பாங்கம்மா” என்று சொல்லிவிடுங்கள். இதற்கு இணையான ஆயுதம் இந்தத் தொழிலில் கிடையாது. அக்கா நின்றுவிடுவார். அவருடைய மிஷின் அடுத்த ஆள் கிடைக்கும் வரை துணி மூடிக் கிடக்கும். முக்கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டீர்கள். மிஷின் சும்மா கிடந்த நாட்களைக் கணக்கில் எழுத வேண்டாம். ஓவர்லாக் நின்றால் அதற்குப் பின்னால் பேட்லாக்கும் செக்கிங்கும் கை கட்டி உட்காருமே என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்பார். ஷிப்ட் சம்பளம் என்றால் அவர்களுக்கும் காசு ஓடும். பீஸ் ரேட் என்றால் காசு ஓடாது, ஆள் ஓடும்.

வளைந்தே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு முடிய வேண்டியதை எட்டரை வரை தாராளமாக இழுக்கலாம். அதற்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று ஊரே ஒரு கௌரவமான பெயர் வைத்திருக்கிறது. கப்பல் தேதி நெருங்கினால் விடிய விடிய ஓட்டலாம். சட்டமன்றமே உங்கள் பக்கம் ஒருமுறை வந்து பார்த்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. நெகிழ்வான வேலை நேரம் என்றுதான் அதற்கும் விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் 24ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் ஆனது. பத்தே நாள் ஆயுள். உங்கள் ஷெட்டுக்குள் அது சாகவில்லை என்பதுதான் ஆறுதல்.

அடுத்தது அட்வான்ஸ். பத்தாயிரம் கையில் கொடுத்தால் டெய்லர் கட்டுண்டு கிடப்பார் என்று நம்புங்கள். பக்கத்துத் தெரு கம்பெனிக்காரர் அந்தப் பத்தாயிரத்தை உங்களிடம் எண்ணி வைத்துவிட்டு, அவரைத் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போவார். பணம் பத்திரமாகத் திரும்பி வந்ததே என்று மகிழுங்கள்.

பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ வந்துவிடும் என்பதால் பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்துபவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சம்பளத்தில் 3.25 சதவீதம் முதலாளியின் பங்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு 325 ரூபாய். இதைக் கட்டியிருந்தால் செக்கிங் பெண்ணின் 26 வார மகப்பேறு விடுப்புக்கு இஎஸ்ஐ பணம் கொடுத்திருக்கும். நீங்கள் மிஷினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் 325 ரூபாய் 325 ரூபாய்தானே! ஆறாம் மாதத்தில் “வீட்ல ரெஸ்ட் எடும்மா” என்று அன்போடு அனுப்பிவையுங்கள். பிறகு அவர் வருவதில்லை. கூடவே அவருடைய தங்கையும் நாத்தனாரும் வருவதில்லை. மூவரும் ஒரே வேனில் வந்தவர்கள்.

வடநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் தீபாவளிக்கு நான்கு நாள் லீவு கொடுங்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. பீகாருக்கு ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். தீபாவளி கழிந்த ஆறாம் நாள்தான் அவர்களுக்குச் சட் பூஜை, ஊர்ப் பொங்கல் மாதிரி. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மூன்று வாரம் லீவு கொடுத்து, திரும்பி வரும் டிக்கெட்டையும் நீங்களே போட்டுக் கொடுத்தால் சொன்ன தேதியில் வந்து நிற்பார்கள். எதற்கு அந்த வம்பு? பாதி போனஸைப் பிடித்து வையுங்கள். மீதிக்காக வருவார்கள், வாங்குவார்கள், அடுத்த கம்பெனிக்குப் போவார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் ஏரியாவிலேயே ஒருவர் பிள்ளைக்காரப் பெண்களை ஒன்பதரைக்கு வரவிட்டு நாலரைக்கு அனுப்புவார். அந்த ஏழு மணி நேரத்துக்குப் பீஸ் ரேட் போட்டு, சனிக்கிழமை தவறாமல் பட்டுவாடா செய்வார். அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். ஏரியாவைக் கெடுக்கிறார் என்று டீக்கடையில் சொல்லி வையுங்கள். ஆள் இல்லாமல் உங்கள் ஆர்டர் தேங்கும்போது மட்டும் அவரிடமே ஜாப் ஒர்க் கொடுத்துவிடுங்கள். பீஸுக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். குறைக்க மாட்டார், கப்பல் தேதி அவருக்கும் தெரியும். உள்ளே ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் அக்காவைத் தெரிந்த முகமாக இருக்கிறதே என்று யோசிக்காமல் துணிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.