தாளம் யார் போடுவது?

கேள்வி: ஜாஸ் குழுக்களுக்கு இனிப் பெண்களும் மாற்றுப் பாலினத்தவரும் தலைமை தாங்க வேண்டுமாம். அப்படியானால் ஆண்கள் என்ன செய்வதாம்? (கற்பிட்டி வாசகர்)

பதில்: தாளம் போடலாம். இத்தனை காலம் பெண்கள் போட்டார்களே!

வேடிக்கை இருக்கட்டும். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடிக்குப் போய்ப் பாருங்கள். ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்சாப் பாட்டில் முன்னின்று பாடுவோர் பெரும்பாலும் பெண்கள். றபான், சிரட்டை, கரண்டியால் தட்டுகிற கண்ணாடிப் போத்தல், இவைதான் வாத்தியம். அதற்கு உறவான பைலா மேடையேறியதும் வொலி பஸ்தியன் அதன் 'தந்தை' ஆனார். தாய் யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. திறமை இருந்தால் தானாக மேலே வரலாமே என்பீர்கள். ஜாஸ் சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லாது. லில் ஹார்டின் 1920களில் கிங் ஆலிவர் குழுவில் பியானோ வாசித்தவர். அந்தக் குழுவை விட்டு வெளியேறும்படி லூயி ஆம்ஸ்ட்ரோங்கை உந்தித் தள்ளியவரும் அவரே. ஆனாலும் பலருக்கு அவர் வெறும் ஆம்ஸ்ட்ரோங் மனைவி. பியானோ கலைஞர் பில்லி டிப்டன் ஆணாகவே வாழ்ந்து, தன் பெயரில் மூவர் குழு நடத்தினார். பிறப்பில் பெண்ணென்பது 1989இல் அவர் இறந்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. அதுவரை அந்தத் தலைமையில் குறை கண்டவர் யார்?

அதனால்தான் டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன், பொஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் 2018இல் ஜாஸில் பாலின நீதிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அது சலுகையென்றால், ஆண்கள் மட்டுமே நிற்கிற மேடைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?