வாரம் ஒரு வார்

முகத்தைப் பார்த்துப் பேசாமல் மணிக்கட்டைப் பார்த்துப் பேசுகிற ஓர் இனம் சென்னையில் பெருகிவருகிறது. ஆளுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கும். பிள்ளைகள் அப்பாவிடம் சந்தேகம் கேட்கிற வயதைத் தாண்டியிருப்பார்கள். அந்த ஓய்வில் ஒருநாள், வெள்ளி டயலில் மூன்று குட்டி வட்டங்கள் போட்ட, ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கிரோனோகிராஃப் வாட்ச் ஒன்றை வாங்குவார். அதோடு அடங்கினால் அவர் வெறும் வாட்ச்காரர். நான் சொல்ல வந்தவர் வார்க்காரர். வாட்ச் ஒன்றே ஒன்றுதான். வார் மட்டும் ஓர் இழுப்பறை நிறைய.

குற்றம் முழுவதும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. கறுப்பு டயல், நீல டயல் எல்லாம் தனக்கு எது ஆகாது என்று தானே சொல்லிவிடும். வெள்ளி டயலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெயிலில் வெள்ளை, டியூப்லைட்டில் சாம்பல், மஞ்சள் பல்பின் கீழ் லேசான பால்கோவா நிறம். கறுப்புத் தோலும் பொருந்தும், பழுப்பும் பொருந்தும், கருநீலமும் பொருந்தும், கிளிப்பச்சைகூட ஒரு மாதிரி பொருந்தும். எல்லா ஜாதகமும் பொருந்துகிற மாப்பிள்ளைக்குத்தான் கல்யாணம் தள்ளிப்போகும்.

அவருடைய உலகம் மில்லிமீட்டரில் இயங்குகிறது. வார் நுழைகிற இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 18, 20, 22 என்று இரட்டைப்படையில் இருந்தால் நிம்மதி. 19, 21 என்று அமைந்துவிட்டால் முகம் தொங்கிப்போகும். அந்த அளவில் கடையில் வார் கிடைப்பது அரிது. மொய்க்குத்தான் ஒற்றைப்படை விசேஷம், வாட்சுக்கு ஆகாது.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய பாய் ஒருவர் கடை வைத்திருப்பார். அங்கே நம்மவர் போனால் உரையாடல் இப்படிப் போகும்:

“பாய், இருபது எம்எம் பெல்ட் இருக்கா?”

“இருக்கு சார். கறுப்பா, பிரவுனா?”

“டேன். ரொம்பத் தேன் கலரா வேண்டாம், கொஞ்சம் சாக்லேட் பக்கம் சாயணும். தையல் பளிச்சுனு வெள்ளையா இருக்கக் கூடாது. டயல் வெள்ளி பாருங்க, அதோட சண்டை போடும்.”

பாய் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆளை ஒருமுறை பார்ப்பார்.

“சார், கறுப்பு இருக்கு. பிரவுன் இருக்கு.”

கடைசியில் வெளிநாட்டிலிருந்துதான் வரும். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிட்டு உலகத்துக்கே அனுப்புகின்றன; ரயிலேறினால் சில மணி நேரம். ஆனால் நம்மவருக்கு சிகாகோவில் 1905 முதல் நடக்கிற ஹார்வீன் பட்டறையின் கார்டோவான் தோல் வேண்டும். குதிரையின் பின்புறத் தோலை ஆறு மாதமாவது பதப்படுத்தி எடுப்பது அது. “எதுடா, குதிரை முதுகா?” என்று அம்மா கேட்டால், “முதுகு இல்லம்மா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்தத் தோலை ஒரே ஒரு அக்னி நட்சத்திரம் தீர்த்துக்கட்டிவிடும். உள்பக்கம் உப்புப் பூத்து, ஜூன் மாதம் இழுப்பறையைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாசனை.

அதனால் நைலானுக்கு மாறுவார். நேட்டோ வார் என்று ஊர் உலகமெல்லாம் அழைக்கிற அந்த ஒற்றைப் பட்டைக்கு, 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் வரையறை எழுதியது. நிறம் சாம்பல், அகலம் 20 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஜி10 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால்தான் சிப்பாய்க்கு அது கிடைக்கும். இந்தப் படிவ முறையை நம் வீடுகளிலும் கொண்டுவந்து, கையெழுத்துப் போடும் அதிகாரத்தை மனைவியிடம் கொடுத்தால் இழுப்பறை பாதி காலியாகும் என்பது என் துணிபு. தவிர, கிரோனோகிராஃப் ஏற்கெனவே தடித்த வாட்ச். அதன் முதுகுக்கடியில் இரண்டு மடிப்பு நைலானும் போனால் சட்டைக் கைப் பொத்தான் பூட்டாது. நம்மவர் பொத்தானைத் திறந்தேவிட்டுக் கையை மடித்துக்கொள்வார். அதற்காகத்தானே கட்டியது!

‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் (1964) ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி கட்டியிருந்த கோடு போட்ட நைலான் வார், வாட்சுக்குப் போதாத அளவு ஒடுக்கம். இரண்டு பக்கமும் இடைவெளி பல்லிளிக்கும். அதே தப்பைப் பக்கத்து மேஜைக்காரர் செய்தால் நம்மவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. பாண்ட் செய்ததால் அது வரலாறு.

பிறகு ரேலி வார். பெரிய பெரிய துளை போட்ட தோல். பந்தயக் கார் ஓட்டுகிறவர்களின் மணிக்கட்டுக்குக் காற்று வர. டயலைச் சுற்றி ‘டேக்கிமீட்டர்’ அளவுகோல் இருக்கிறதே, அதற்கு இதுதான் ஜோடி என்பார். ஒரு கிலோமீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று முள்ளை ஓடவிட்டு நிறுத்தினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அது காட்டும்; 36 விநாடி என்றால் நூறு. பெரும்பாலான வாட்சுகளில் அந்த அளவுகோல் அறுபதுக்குக் கீழே இறங்குவதில்லை. கத்திப்பாராவில் காலை ஒன்பது மணிக்கு அறுபது யாருக்குக் கிடைக்கிறது? துளை வழியாகக் காற்றும் வராது, புகைதான் வரும். கிரோனோகிராஃப் பொத்தானை அவர் உண்மையில் அழுத்துவது முட்டை வேகவைக்கும்போது மட்டுமே.

வார் மாற்றும் சடங்கு ஞாயிறு காலையில் நடக்கும். டைனிங் டேபிளில் வெள்ளைத் துணி, சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு கருவி, மூச்சடக்கம். டிக் என்று ஒரு சத்தம். வாரைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் பார் கம்பி பறந்துவிட்டது! அடுத்த அரை மணி நேரம் குடும்பமே செல்போன் விளக்கோடு சோபாவுக்கடியில். கிடைக்காது. புதன்கிழமை பெருக்கும்போது வீட்டுக்கார அம்மாள் எடுத்து வந்து, “ஏங்க, இது உங்களுதா, மிக்ஸியோடதா?” என்று கேட்பார்.

இப்போது கருவியே வேண்டாத, விரலால் இழுத்தால் கழல்கிற கம்பி வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவர் குடும்பஸ்தராக இருக்க வழியில்லை. முன்பு வாரம் ஒரு வார்; இப்போது வேளைக்கு ஒன்று. துக்க வீட்டுக்குக் கறுப்பா, சாம்பலா என்று முடிவெடுப்பதற்குள் அங்கே எடுத்துவிடுகிறார்கள். ஷூவும் இடுப்பு பெல்ட்டும் வாரும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் பேசுவார். காலில் ரப்பர் செருப்பு.

அவரிடம் மணி கேட்டுப்பாருங்கள். கையைத் திருப்பி வாரை ஒருமுறை ரசித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துச் சொல்வார்.

வெள்ளி டயல் வாட்ச் வாங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: விசேஷத்துக்கு ஒரு கறுப்புத் தோல், மற்ற நாளெல்லாம் கூடவே வந்த ஸ்டீல் செயின். வியர்வைக்கும் மழைக்கும் அது தாங்கும், தினம் கழற்றி மாட்டவும் தோன்றாது. சந்தேகம் வந்தால் பாயிடம் கேளுங்கள். நம்மவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.