கூட்ட அறைக்குத் தலப்பெயர் சூட்டல்: ஒரு பொருத்த ஆராய்ச்சி

சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் கிடக்கும் மண்டலம் பாலசமுத்திரம். அங்கே ஓர் ஆபீஸில் நான்கைந்து கூட்ட அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (ஆராய்ச்சிக்கு இப்படிச் சில சலுகைகள் உண்டு.) ஹால் 1, ஹால் 2 என்று கதவில் எண் எழுதினால் பெயின்டருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கை, வட்டாரப் பெருமை விளங்கும் பெயராக வேண்டும் என்கிறது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மென்பொருள் கம்பெனிகள் கோட்டை, ஏரி, மலை என்று அறைக்கு அறை பெயர் மாட்டிப் பரப்பிய வழக்கம், மாவட்டம் மாவட்டமாக இறங்கி இங்கேயும் வந்துவிட்டதாகக் கொள்க. எந்தத் தலத்தின் பெயர் எந்த அறைக்கு ஆகும்? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாட்டில், இதற்கு ஒரு பொருத்தம்கூட வகுக்கப்படவில்லை. அக்குறையை இக்கட்டுரை தீர்க்க முனைகிறது.

தலைவர்கள் இத்தனை பேர் இருக்க மலையும் கோட்டையும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். தமிழ்நாடு இதற்கு 1997-லேயே விடை சொல்லிவிட்டது. அதுவரை அரசுப் பேருந்துகள் பல்லவன், சோழன், பாண்டியன், சேரன், கட்டபொம்மன் என்று ஓடிக்கொண்டிருந்தன. வீரன் சுந்தரலிங்கம் பெயரிலும் ஒரு போக்குவரத்துக் கழகம் என்று அறிவிப்பு வந்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு ஒரே கையெழுத்தில் எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்தது. தலைவர்கள் பெயரில் இருந்த மாவட்டங்களும் ஊர்ப் பெயருக்கே திரும்பின. ரயிலில் மட்டும் பாண்டியனும் சோழனும் சேரனும் தப்பினார்கள்; அது டெல்லி சமாச்சாரம். மலைக்குச் சாதி கிடையாது. அருவிக்குப் பிறந்தநாள் விழா எடுத்து மாலை போட வேண்டியதில்லை. ஆகவே தலப்பெயரே உத்தமம் என்பது முதல் முடிபு.

முடிபு சரிதான், ஆனால் தலம் சும்மா வருவதில்லை. தன் தலபுராணத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது.

சென்னை ஐ.ஐ.டி. விடுதிகள் இதற்குச் சாட்சி. காவிரி, கோதாவரி, நர்மதா, தாமிரபரணி என்று ஆறுகளின் பெயர்கள். கோதாவரியில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மாணவர் வார்டனிடம் புகார் எழுதினால் அது மத்திய நீர்வளத் துறைக்குப் போக வேண்டிய மனுவைப் போல இருக்கும். டெல்லியிலுள்ள தமிழ்நாடு இல்லங்களுக்கு வைகை, பொதிகை என்று பெயர்கள். பொதிகையில் ரூம் காலி இல்லை என்று ரிசப்ஷனில் சொன்னால் அகத்தியருக்கே சங்கடம்.

ஆயினும் இத்துறையில் கரை கண்டது திருமலைதான். ஏழுமலைகளுள் சேஷாத்ரி, கருடாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி ஆகிய நான்கும் ரயில்களாகியிருக்கின்றன. வேங்கடாத்ரி சித்தூருக்கும் காச்சிகுடாவுக்கும் இடையே ஓடுகிறது. அசையாதது என்று பொருள்படும் ‘அசலம்’ மலைக்குப் பெயராக இருக்க, அந்த மலை மூன்று மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது என்று மைக்கில் அறிவிக்கும் நிலையம் வேறெங்கே உண்டு? மலைமேல் தங்கும் விடுதிகளுக்கோ பெருமாளின் உடைமைகளே பெயர்கள்: நந்தகம் வாள், பாஞ்சஜன்யம் சங்கு, கௌஸ்துபம் மார்பு மணி. நாலு பேர் கொண்ட குடும்பம் சங்குக்குள் சாமான் இறக்கி, வாளுக்குள் இருக்கும் மைத்துனர் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. யாரும் சிரிப்பதில்லை. பெயர் முழுசாகப் பழகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

கூட்ட அறை என்று குறுக்கிப் பார்த்தாலும் முன்னோடி அங்கேதான் இருக்கிறது. தேவஸ்தான அறங்காவலர் குழு கூடும் இடம் அன்னமய்யா பவன். தாளப்பாக்கத்து அன்னமாச்சாரியார் முப்பத்திரண்டாயிரம் சங்கீர்த்தனங்கள் பாடியதாக மரபு. அவற்றைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அவை வெளியே வந்து அச்சேறின. கிடைத்தவை மொத்தத்தில் பாதியைக்கூடத் தொடாது. மினிட்ஸ் எழுதுவதும், அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும், பிறகு ஒரு தலைமுறை கழித்து ஆடிட்டர் வந்து தேடுவதும் நடக்கிற அறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இனிப் பாலசமுத்திரம். சுற்றுவட்டாரத்துத் தலங்களை எடுத்து அறைக்கு அறை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காளஹஸ்தி வாயுத் தலம். கருவறை விளக்கு காற்றில்லாமலே அசைவது அதன் பெருமை. ஏ.சி. கெட்டுப்போன அறைக்கு வைத்தால் உள்ளே வியர்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் இன்னொரு பொருத்தம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம் என்று எந்த ஆபீஸிலும் புதிய வேலை தொடங்கமாட்டார்கள். ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். காளஹஸ்தியிலோ ராகு–கேது பூஜைக்கு ராகுகாலமே விசேஷம். ஆகவே ‘காளஹஸ்தி’ என்று பெயர் மாட்டிய அறையில் வாரத்துக்குச் சில மணி நேரம், அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல், கூடுதலாகக் கிடைக்கும். நிதித்துறை கவனிக்கலாம். 2010 மே 26 அன்று அக்கோயிலின் ராஜகோபுரம் சரிந்து விழுந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கோபுரம் அது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் அந்த அறைக்குள் விரிசல் பற்றிப் பேச வேண்டாம் என்பது மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை.

காணிப்பாக்கம் இன்னும் கடினம். கிணற்றில் சுயம்புவாக எழுந்த விநாயகர். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய ஆள் துணியமாட்டார். ஊர் வழக்குகளில் ‘காணிப்பாக்கம் வந்து சொல்லு’ என்பதே கடைசி வாய்தா. அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் அங்கே கூப்பிட்டுச் சவால் விடுவதுண்டு. ஓர் ஆபீஸ் அறைக்கு இப்பெயரைச் சூட்டினால் பயணப்படி பில்லை அங்கே உட்கார்ந்து யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆண்டறிக்கை எப்படி வாசிப்பது? இந்த அறை திறந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கும் என்று ஆய்வு கணிக்கிறது. ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் அது பொருந்தும்: பட்ஜெட் கூட்டம். இந்த விநாயகர் வளர்ந்துகொண்டே இருப்பதாகவும், பல ஆண்டுகளுக்கு முன் சாத்திய வெள்ளிக் கவசம் இன்று போதவில்லை என்றும் பக்தர்கள் சொல்வார்கள். திருத்திய மதிப்பீட்டைக் கேட்டு நிற்பவர்கள் சுட்டிக்காட்ட இதைவிட நல்ல முன்னுதாரணம் இல்லை.

எலும்பு முறிந்தவர்கள் இரண்டு மாநிலங்களிலிருந்தும் போய்க் கட்டுப்போட்டுக்கொள்வது புத்தூரில். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பட்டை. கட்டிய பிறகு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பதே பத்தியம். பாதியில் முறிந்த திட்டங்களின் ஆய்வுக் கூட்டம் ‘புத்தூர்’ அறையில் நடக்கட்டும். ஆடாமல் அசையாமல் இருக்கும் பத்தியத்தைத் துறைகள் ஏற்கெனவே கடைப்பிடிக்கின்றன.

சந்திரகிரியைப் பெரிய அறைக்குத்தான் கொடுக்க வேண்டும். விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் இருந்த கோட்டை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் இந்த அரசுக்கு உட்பட்டவர். டீ வருவதற்குள் எதையாவது எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்பதை அந்தக் கதவைத் திறக்கும்போதே எல்லோரும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நகரி மலைக்குக் கடலோடிகளால் வந்த பெருமை உண்டு. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையைக் கடலிலிருந்தே பார்த்துக் கப்பல்காரர்கள் திசை குறித்தார்கள்; ‘நகரி மூக்கு’ என்றே வெள்ளைக்காரர் குறித்து வைத்தனர். அடையாளச் சின்னம் என்ற சொல்லுக்கு நூறு சதவீதம் தகுதியான தலம். இருந்தும் “சார் மூக்குல இருக்கார், பதினோரு மணிக்கு மேல வாங்க” என்று அட்டெண்டர் சொல்ல நேரும் என்பதால் இது விலக்கப்படுகிறது.

நிலுவைக் கோப்புகளுக்கான அறைக்குத் திருமலைப் பாதையே பெயர் தருகிறது. மலைச் சாலையின் ஓரத்தில் பழைய கருங்கல்லின் மேல் நகரி குவார்ட்சைட் பாறை நேராக உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். கீழ்ப்பாறைக்கும் மேல்பாறைக்கும் நடுவே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பாறையில் பதிவே இல்லை. மனு கொடுத்தவர் கையிலுள்ள ரசீதுக்கும், பட்டா வந்த நாளுக்கும் இடையே இருப்பதும் இதே இடைவெளிதான்.

தமிழ் பேசும் குமாஸ்தா ஒருவர் “திருத்தணி வைக்கலாமே” என்று சொல்லக்கூடும். முருகன் தலம், 365 படி, மாடியிலுள்ள அறைக்குச் சாலப் பொருத்தம். ஆனால் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டத்தை விட்டு அந்தப் பக்கம் போனது. பதிலுக்குச் சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. நடுவர் படாஸ்கர் தீர்த்துவைத்த இரு மாநில எல்லையை ஒரு மாடி அறைக்காகத் திறந்தால் கோப்பு அமராவதி வரை போகும்.

மாற்று வழியாக, மலைக்கு அதிகாரியின் பெயரை வைப்பதும் இப்பகுதியில் நடந்ததுதான். 1870 வாக்கில் கடப்பா கலெக்டர் ஹார்ஸ்லி மதனப்பள்ளி அருகே ஒரு மலையில் கோடைக்குப் பங்களா கட்டினார். ஏனுகு மல்லம்மா கொண்டா ஹார்ஸ்லி மலையாகிவிட்டது. இந்த முறையை இன்றைய அதிகாரிகளுக்கு நினைவூட்டாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

நடைமுறையில் எஞ்சும் சிக்கல் ஒன்றுண்டு. தாசில்தார் ஆபீஸ் அளவிலான இடங்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, காலண்டர், ஓரமாக அடுக்கிய பழைய ரிஜிஸ்டர்கள். ஒன்றே ஒன்று இருக்கும்போது பெயருக்கு வேலை இல்லை. ‘மீட்டிங் ஹால்’ என்றாலே எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆகவே நடுவில் பிளைவுட் தடுப்பு போட்டு இரண்டாக்கி, ஒன்றைக் காளஹஸ்தி என்றும் மற்றதைப் புத்தூர் என்றும் அழைக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. தடுப்புக்கான எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தர ஒரு கூட்டம் கூட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஹால் காலியாகத்தான் இருக்கிறது. தடுப்பு வரும்வரை அது காளஹஸ்தி ஆகாது என்பதால் யாரும் வரச் சம்மதிக்கவில்லை.