திரை விலகும் முன் ஒரு தையல்

பாகான் டத்தோ வட்டாரத்தில் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி மேடையிலும் நாடகம் போடுகிறவர்களுக்காகத் தைப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: அக்கா, எங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியில் தோட்டத்துப் பெண் காளியாக மாற வேண்டும். உள்ளே போய் உடை மாற்ற நேரமில்லை. பார்ப்பவர்கள் வாயடைத்துப் போகணும். வழி உண்டா? (சுங்கை சுமுன்)

பதில்: உள்ளே போகவே வேண்டாம், மேடையிலேயே மாறட்டும். காளியின் சிவப்பு உடையை முதலில் உடுத்திவிடுங்கள். அதன்மேல் கொப்பரைக் களத்தில் வேலை செய்யும் பெண்ணின் கைலி, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு மூன்றையும் ஒரே உடையாகச் சேர்த்துத் தைத்துப் போடுங்கள். முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து கணுக்கால்வரை திறந்திருக்கட்டும். அந்த இரண்டு ஓரங்களிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு நாடாக் கண்ணி வையுங்கள். வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாறி மாறி வர வேண்டும். அவற்றுக்குள் தூண்டிலுக்கு வாங்கும் தங்கூஸைக் கோத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு வளையத்தில் முடியுங்கள். கீழ் நுனியில் முடிச்சே கூடாது. மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

இனி நடிப்பு. அவள் கங்காணியிடம் இரு கைகளையும் நீட்டிக் கெஞ்சுகிறாள். பின்னால் நிற்கும் தோழி வளையத்தை இழுக்கிறாள். கங்காணி சட்டைக் கைகளைப் பற்றி வெடுக்கென்று இழுக்கிறான். மொத்த உடையும் அவன் கையோடு வந்துவிடுகிறது, தலைத்துண்டும் சேர்ந்து வருவதால் கூந்தல் அவிழ்கிறது. அவன் எதிரே காளி நிற்கிறாள்.

அந்தச் சட்டையின் கை தொளதொளவென்று இருக்கட்டும். காளிக்குக் கைவளை, வங்கி எதுவும் வேண்டாம், மாட்டிக்கொள்ளும். ஒட்டுப்பட்டை போடலாமா என்று கேட்பீர்கள். அது பிரியும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும், உறுமி முழங்கும் நேரமானால் மட்டும் போடுங்கள். இருபது முறையாவது ஒத்திகை பாருங்கள். அதில் ஒருமுறை சிக்கினாலும் கண்ணிகளைப் பிரித்து மறுபடி வையுங்கள்.

கேள்வி: நம் நாடகத்து ராஜாக்கள் ஏன் எப்போதும் வெல்வெட்டில் வருகிறார்கள்? (தெலுக் இந்தான்)

பதில்: பார்சி நாடகக் கம்பெனிகளிடமிருந்து வந்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டில் அவை பம்பாயிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போயின, பினாங்குக்கும் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் 1880களில் அங்கே மலாய்க்காரர்களின் பங்சவான் நாடகம் பிறந்தது. தமிழ்க் கம்பெனி நாடகத்தின் ஜிகினாவுக்கும் அந்த உறவு உண்டு. வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், அதன்மேல் ஜரிகை தனியாக எரியும். அழகுதான். ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் முழு வெல்வெட் அங்கி போட்ட ராஜா இரண்டாம் காட்சியிலேயே வாடிவிடுவார். முன்பக்கமும் கைப்பட்டையும் வெல்வெட்டில் இருக்கட்டும். முதுகும் அக்குளும் அதே நிறப் பருத்தி. உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம்.

கேள்வி: நாட்டியக்காரி சுற்றும்போது குடைபோல விரியும் பாவாடைக்கு எவ்வளவு துணி? (ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: இடுப்பளவை 6.28ஆல் வகுங்கள். 28 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய நாலரை வரும், அதுதான் உள்வட்டத்தின் ஆரம். பாவாடை உயரம் 38 என்றால் வெளி ஆரம் 42½. 44 அங்குல அகலத் துணியில் கால்வட்டமாக நான்கு துண்டு வெட்டலாம். நாலரை மீட்டர் போதும், ஐந்து வாங்குங்கள். எல்லோரும் மறப்பது சரிகைப் பட்டையை. அடிவட்டம் 22 அடிக்கும் மேல், ஆகவே பட்டை 7 மீட்டர் வேண்டும். வெட்டித் தைத்ததும் ஓரம் அடிக்காதீர்கள். ஒரு நாள் தொங்கவிடுங்கள். இழை மூலைவாட்டமாக வரும் இடங்கள் இறங்கும். இறங்கியதைச் சமமாக வெட்டிய பிறகு ஓரம் அடியுங்கள்.

கேள்வி: உடையை மூட ஜிப்பு வைப்பதா, கொக்கி வைப்பதா?

பதில்: கொக்கி. ஜிப்பு மாட்டினால் காட்சியே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: கடையில் பச்சைப்பசேல் என்றிருந்த பட்டு மேடையில் கறுத்துப் போனதே, ஏன்?

பதில்: சிவப்பு விளக்கு. பச்சைத் துணி சிவப்பொளியைத் திருப்பித் தராது, அதனால் கறுப்பாகத் தெரியும். எனக்கும் நடந்திருக்கிறது: ஒரு மீனாட்சிக்கு மூன்று வாரம் பச்சைப்பட்டில் கைவேலை செய்தேன், திரை விலகியதும் இருட்டுத்தான் நின்றது. அன்று முதல் துணி வாங்கும்முன் விளக்கு போடுகிறவரைக் கேட்கிறேன். கையளவு துண்டை விளக்கின் கீழ் பிடித்து, மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து தெரியாத பூவேலைக்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பட்டுச்சேலையின் அகலக் கரையை வெட்டி வைத்தால் அதைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: கிரீடம், நகை வாங்கக் காசில்லை. ஈப்போவில் விலை கேட்டே திரும்பிவிட்டோம்.

பதில்: வாங்கவே வேண்டாம். வட தமிழ்நாட்டுக் கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடையே இராது. மேலே வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். அந்தக் கட்டைகளை வைத்தே அதைக் கட்டைக்கூத்து என்று சொல்கிறார்கள். நாம் இருப்பதோ தென்னை நாடு. சிரட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பதக்கம், தென்னம்பாளை காய்ந்தால் கேடயம். பன்னாடையைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் விரித்தால் வேடன் கண்ணப்பனுக்கு அதைவிடப் பொருத்தமான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. அது உடம்பை அறுக்கும், உள்ளே பழைய பனியனை வைத்துத் தையுங்கள்.

கேள்வி: சீதை தீக்குளிக்கும் காட்சிக்கு நைலான் சேலை மினுங்குமே?

பதில்: உண்மையான நெருப்பா? அப்படியானால் நைலான் கூடவே கூடாது. உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் பற்றும். செந்நிற விளக்கும் ஆடும் துணியும் வைத்துத் தீயைக் காட்டுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு இரவு நாடகம். கூலியும் இல்லை. இவ்வளவு உழைப்பு தேவையா அக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: தேவை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களோடு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவர்கள் யாரும் பிழைப்புக்காக நடிக்கவில்லை. பின்னாளில் முதலியாரே பகலில் வக்கீல், மாலையில் அரசன். தமிழ் நாடகம் மரியாதை பெற்றதில் அந்தச் சம்பளமில்லாத கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்களும் அந்த வரிசைதான். நடித்தவர் பெயர் நிற்கிறது, எழுதியவர் பெயர் நிற்கிறது, தைத்தவர் பெயர் நிற்பதில்லை. அது தவறு. நாடகம் போடும் மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது: கூலி கொடுக்க முடியாவிட்டாலும் துணிக்கும் நூலுக்கும் ஆன வெள்ளியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அடுத்த அழைப்பிதழில், கதை வசனம் எழுதியவர் பெயருக்குக் கீழே, உடை தைத்தவரின் பெயரையும் அச்சிடுங்கள்.