கடாரம் கொண்டதும் ஏழு ஏ வாங்கியதும்

1025-இல் ராஜேந்திர சோழன் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தை, அதாவது எங்கள் மலேசியக் கெடாவை, அடித்தான். தாள் எதுவும் எழுதாமலேயே ‘கடாரம் கொண்டான்’ பட்டம்! கல்வெட்டில் அவன் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியில் பிடித்த ஊர்களெல்லாம் வரிசையாக வரும்; சறுக்கிய இடம் ஒன்றுகூட வராது. 963 ஆண்டுகள் கழித்து, 1988-இல், அதே கடாரத்துக்கு இன்னொரு படையெடுப்பு வந்தது. பெயர் யூபிஎஸ்ஆர், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான அரசுத் தேர்வு.

செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் என் முறை 2008-இல். தமிழ்ப்பள்ளிக்கு ஏழு தாள். ஏழிலும் ஏ எடுத்தவர்கள் படம் பள்ளி வாசலில் பதாகையாகத் தொங்கும். எங்கள் மெய்க்கீர்த்தி அதுதான்.

ஜனவரி பிறந்ததும் இசைக்கல்வியைக் கணிதம் விழுங்கியது, உடற்கல்வியை அறிவியல் விழுங்கியது. கால அட்டவணை மட்டும் ஒன்றும் அறியாததுபோல் சுவரில் தொங்கியது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் என்கிற பழங்காலக் கோயில்கள் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஒருநாளும் கூட்டிப்போகவில்லை. ராஜேந்திரன் கேள்வித்தாளில் வரமாட்டானே!

கட்டுரைக்கு வாத்தியார் தந்த ஒரே ஆயுதம் ‘நான் ஒரு மிதிவண்டி’. முழுசாக மனப்பாடம். முன்னோட்டத் தேர்விலோ ‘நான் ஒரு காலணி’ என்று வந்து தொலைத்தது. மாட்டைத் தென்னை மரத்தில் கட்டிய பரம்பரை அல்லவா, விடுவேனா? என் காலணிக்கு மணி இருந்தது. மேட்டில் சங்கிலி கழன்றது. கடைசியில் சக்கரம் வளைந்து பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

வாத்தியார் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துப் பிரம்பை எடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தேர்ச்சி விழுக்காடு இறங்கினால் இலாகா தலைமையாசிரியரைக் கூப்பிடும்; தலைமையாசிரியர் இவரைக் கூப்பிடுவார்; இவர் எங்களைக் கூப்பிடுவார். எங்களுக்குக் கூப்பிட முனீஸ்வரர்தான் மிச்சம். அவர் காலடியில் 2பி பென்சில்களை வைத்துப் பூசை போட்டோம்.

ஏ-க்கும் பி-க்கும் நடுவில் ஊசலாடியவர்களுக்குச் சனிக்கிழமையும் வகுப்பு. தேறமாட்டான் என்று கைவிடப்பட்டவன் கடைசி வரிசையில் நிம்மதியாக ஓணான் வரைந்துகொண்டிருந்தான். அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஓவியக் கல்வி ஒழுங்காக நடந்தது அவனுக்கு மட்டுந்தான்.

2014-இல் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்தன. கசியவிட்டது பெரியவர்கள், செப்டம்பர் 30-இல் மறுபடி உட்கார்ந்து எழுதியது நாடு முழுக்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். 2020-இல் கோவிட் வந்து தேர்வை நிறுத்தியது. 2021-இல் கல்வி அமைச்சர் ரட்சி ஜிடின் அதை அடியோடு எடுத்துவிட்டதாக அறிவித்தார். இப்போது வகுப்பறை மதிப்பீடு. பிள்ளைக்குப் பிள்ளை ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போடுகிறார்கள் ஆசிரியர்கள்.

பள்ளியில் கழற்றிப்போட்ட பதாகை ஒன்று எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிட்டது. ஏழு ஏக்காரர்கள் ஒன்பது பேரும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி கிடக்கிறார்கள். மழை ஒழுகுவதில்லை.