வெச்சுட்டுப் போங்க

கலெக்டர் ஆபீஸில் எந்தப் பிரிவுக்குள் நுழைந்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். கோப்புக் கட்டுகளுக்கு மேலே ஒரு வழுக்கையின் மேல்பாதி மட்டும் தெரியும். அதற்கு வணக்கம் சொன்னால், கட்டுகளுக்குப் பின்னாலிருந்து “என்ன விஷயம்?” என்று குரல் வரும். மனுவை நீட்டினால் ஒரு கை எழும்பி, மேஜைப் பக்கமாகப் பொதுவாக அசையும். “வெச்சுட்டுப் போங்க, பார்க்கலாம்.”

எங்கே வைப்பது? அது வந்தவர் பாடு. மேஜையின் நான்கு மூலையும் நிரம்பி, நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இடம் இருக்கும். அங்கேதான் அவர் எழுதுகிறார், டிபன் பாக்ஸைத் திறக்கிறார், மதியம் இரண்டேகாலுக்குக் கன்னத்தைச் சாய்க்கிறார். அந்த இடத்தில் தெரிகிற கண்ணாடிக்கு அடியில் ஒரு திருப்பதி பெருமாள், எப்போதோ மாற்றலாகிப் போன தாசில்தாரின் போன் நம்பர், ஸ்கூல் யூனிஃபார்மில் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மகளுக்குப் போன வைகாசியில் கல்யாணமே ஆகிவிட்டது. டிராயரை இழுத்தால் பாதியில் நின்றுவிடும். உள்ளே பச்சை டேக் கட்டு குறுக்கே விழுந்து அடைத்துக்கொண்டிருக்கும். கையை மட்டும் விட்டுத் துழாவுவார். பின் இல்லாத ஸ்டேப்ளர் வரும், மை காய்ந்த ஸ்டாம்ப் பேட் வரும், ஒரு ஜெலுசில் அட்டை வரும், தேடியது வராது. தலைக்கு மேலே மின்விசிறி உண்டு. போட்டால் காகிதம் பறக்கும் என்பதால் சித்திரை வெயிலிலும் அந்தப் பிரிவில் அது சுற்றுவதில்லை. மற்றவர்கள் வியர்க்கப் பழகிவிட்டார்கள்.

இதை வைத்து அவரைச் சோம்பேறி என்று நினைத்தால் பெரிய அநியாயம். அந்தப் பிரிவில் அவரைவிட ஓடியாடி வேலை செய்கிறவர் கிடையாது. யாராவது ஓய்வுபெற்றால் பென்ஷன் தாள்களைப் பூர்த்தி செய்து கொடுப்பவர் அவர். பிரிவுபசார விழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, சால்வையும் மோதிரமும் வாங்கி, மிச்சக் காசைச் சில்லறையோடு திருப்பிக் கொடுப்பவரும் அவரே. பக்கத்து சீட்டுக்காரரின் ஜி.பி.எஃப். கணக்கை அவர் போட்டால் ஒரு ரூபாய் தப்பாது. இவ்வளவும் எதற்கு என்றால், இடது மூலையில் அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு கோப்பு இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கை யாரோ வளைத்து வேலி போட்டுவிட்டார்கள் என்று ஒரு கிராமத்துப் பெரியவர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு. அதைத் தொடாமல் இருப்பதற்காக அவர் உலகத்தில் வேறு எந்த வேலையையும் செய்வார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஜான் பெர்ரி 1996இல் இந்த ரகத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பட்டியலின் உச்சியில் ஒரு பெரிய வேலை உட்கார்ந்திருந்தால், அதைத் தட்டிக்கழிக்கிற சாக்கில் மனிதன் கீழே உள்ள மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிடுவான் என்பது அவர் கட்சி. 2011இல் அதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற வேலைகளுக்குத் தருகிற பரிசு. நம்மவர் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாலும் “வெச்சுட்டுப் போங்க” என்றுதான் சொல்வார்.

அவரிடம் சொந்தமாக ஒரு சித்தாந்தம் உண்டு. “தபாலை வந்த அன்னிக்கே தொட்டா அது வளரும் தம்பி. கொஞ்சம் ஊறப்போட்டா பாதி தானா செத்துடும்.” குரூப் 4 எழுதிப் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லுவார். உண்மை இல்லாமலும் இல்லை. சம்பந்தப்பட்ட அதிகாரி மாற்றலாகிவிடுவார், திட்டத்தையே அரசு கைவிட்டுவிடும், கேட்டவரே மறந்துவிடுவார். செத்தது தபால் மட்டும்தானா, அதை நம்பியிருந்த ஒரு கிழவியின் முதியோர் உதவித்தொகையும் சேர்த்தா என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை.

முடிந்த கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதற்கு ஆபீஸில் வகை உண்டு. ஓராண்டு என்றால் ஓ.மு., மூன்றாண்டு என்றால் மூ.மு., பத்தாண்டு என்றால் ப.மு., நிரந்தரம் என்றால் நி.மு. சூப்ரண்ட் இவருக்கென்றே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: மே.மு. மேஜையிலேயே முடிவு.

அவரை உலுக்குகிற தாள் ஒன்றே ஒன்றுதான். ‘தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005’ என்று தலைப்பிட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வருகிற மனு. 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை தகவல் அலுவலர்மேல் அபராதம் விதிக்கலாம். அபராதம் மேலே என்றாலும் திட்டு கீழேதான் இறங்கும். ஆகவே இருபத்தெட்டாம் நாள் வரை அசையாமல் இருந்துவிட்டு, இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் எழுதுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். கோப்பைத் தேடவே மாட்டார். நடுக் கட்டில் கையை விட்டு உருவுவார், வரும். யாராவது அந்த மேஜையைச் சுத்தம் செய்துவிட்டால்தான் அவருக்கு ஒன்றும் அகப்படாது.

அந்தச் சுத்தம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை லீவுக்கு முந்தைய வேலைநாளில் நடக்கும். “இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடறேன்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவார். முதல் கட்டை அவிழ்த்ததுமே போக மறந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை கிடைக்கும். அந்தத் தம்பதியின் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. பத்திரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்குப் போனால், அந்தப் பந்தியில் போட்ட அசோகா அல்வா, அப்போதிருந்த சூப்ரண்ட், அவர் கொடுத்த மெமோ என்று பேச்சு போய் மணி பன்னிரண்டு ஆகிவிடும். மூன்று மணிக்குப் பூஜை என்றதும்தான் அவசரம் பிறக்கும். வலது மூலைக் கட்டு பீரோ தலைக்கு, இடது மூலை மேஜைக்கு அடியில், மிச்சமெல்லாம் பார்வையாளர் நாற்காலியில். வெறும் மேஜைக்குச் சந்தனம் குங்குமம், மானிட்டருக்கு ஒரு பொட்டு, பிறகு பொரி, கடலை, ஆளுக்கொரு வாழைப்பழம். பெண் ஊழியர்கள்கூட வந்து மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது தேக்கு என்பது அன்றைக்குத்தான் தெரியும். லீவு முடிந்து வந்தால் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். அடியில் இருந்தது மேலே, மேலே இருந்தது அடியில், இடுக்குகளில் கொஞ்சம் பொரி. போன வருஷம் மேய்க்கால் புறம்போக்குக் கோப்பு உச்சிக்கே வந்துவிட்டது. அவர் அதன்மேல் டெலிபோன் டைரக்டரியைத் தூக்கி வைத்தார்.

கடைசியில் அந்த மேஜையைக் காலி செய்தது மாற்றல் உத்தரவு. பொறுப்பு ஒப்படைக்கும்போது, வருகிறவர் கோப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். நம்மவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்தார். பல கோப்புகளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பத்திதான். வருஷக்கணக்காகப் பயந்தது அந்த ஒரு பத்திக்கு. மேய்க்கால் புறம்போக்கையும் திறந்தார். தாலுகா ஆபீஸிலிருந்து அறிக்கை வரவில்லை. மாத நிலுவைப் பட்டியலுக்காகக் கோப்பைத் திறக்காமலே அவர் அனுப்பிய நினைவூட்டு மூன்று. நான்காவதைக் காரசாரமாக எழுதினார்: இனியும் தாமதம் ஏற்பட்டால் விளைவுகளுக்கு அந்த அலுவலகமே முழுப் பொறுப்பு.

மாற்றல் அந்தத் தாலுகா ஆபீஸுக்கேதான்.

புது சீட்டில் முன்னவர் விட்டுப்போன குவியலைப் பார்த்து அவர் கொதித்துப்போனார். “எப்படி சார் இப்படி வெச்சுக்கிட்டு ராத்திரி தூங்கறாங்க? எண்ணிப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” எண்ணினார்கள். ஜன்னலோரக் கட்டில் நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேலே உறை பிரிக்காமல் நான்காவது. பிரித்துப் படித்தார். நடை எங்கேயோ பழகியதாக இருந்தது.

அன்று சாயங்காலமே கலெக்டர் ஆபீஸுக்குக் கடிதம் போய்விட்டது. “பார்வையில் காணும் மனுவின் நகல் தெளிவாக இல்லை. தெளிவான நகல் ஒன்றை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

சேர்ந்த அன்றைக்கே ஒரு பழைய தபாலுக்குப் பதில் போட்டுவிட்டார் என்று புது ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர்.